ஒட்டாத வாக்கியம்

சின்னவளுக்குச் சம்பளம் கொடுத்தது கல்லூரி. பேர் வாங்கிக் கொடுத்தது ஒட்டாத வாக்கியம்.

அரசு அலுவலகங்களுக்கு எழுத்தர் எடுக்கும் தேர்வில், ஆங்கிலத் தாளில் ஒரு கேள்வி வகை உண்டு. ஐந்து வாக்கியத்தில் ஒரு சின்னப் பத்தி இருக்கும். நாலு வாக்கியம் ஒன்றுக்கொன்று கைகோத்துக்கொண்டு போகும். ஒன்று மட்டும் ஒட்டாது. ‘எது இர்ரெலவன்ட்?’ என்று கேட்டு ஏ, பி, சி, டி, இ என ஐந்து வட்டங்கள் கொடுத்திருப்பார்கள். சரியான வட்டத்தைக் கறுப்பாக்கினால் ஒரு மார்க். அந்த ஒரு மார்க்கில் வேலை கிடைத்தவர்களும் உண்டு, கல்யாணம் நின்றுபோனவர்களும் உண்டு.

எழுதிவிடலாம் போலத்தான் தோன்றும். உட்கார்ந்து பார்த்தால்தான் சேதி தெரியும். ஒட்டாத வாக்கியம் ரொம்ப விலகி நின்றால் பால்குடி மறக்காத பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். மழையைப் பற்றிய பத்தியில் திடீரென்று ஒட்டகம் வந்து நின்றால் யாருக்குத்தான் தெரியாது? ரொம்ப நெருங்கி நின்றாலோ, தோற்றவர்கள் வழக்குப் போட்டுவிடுவார்கள். பஸ்ஸில் எல்லாரோடும் உட்கார்ந்து ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்க வேண்டும், கையில் டிக்கெட் மட்டும் இருக்கக் கூடாது, அப்படி ஒரு வாக்கியம் வேண்டும். அதை எழுதுவதில் சின்னவளை மிஞ்ச ஆளில்லை என்று தேர்வு வாரியத்தில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அவள் போட்ட கேள்வி ஒன்றுகூட அதுவரை ஆட்சேபணையில் விழுந்ததில்லை.

வினாத்தாள் தயாராகும் நாட்களில் வாரியம் அவளையும் இன்னும் சிலரையும் ஒரு விடுதியில் வைத்துப் பூட்டிவிடும். போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். புத்தகம் கூடாது, செய்தித்தாள் கூடாது. ஏற்கெனவே அச்சில் வந்ததை யாராவது எடுத்துப் போட்டு, அது ஏதோ ஒரு பயிற்சி நிலையத்தின் கைடில் இருந்து தொலைத்தால் ஊர் சிரித்துவிடும் என்கிற பயம். ஆகவே எல்லாவற்றையும் சொந்த மண்டையிலிருந்துதான் எடுக்க வேண்டும். மண்டையில் என்ன இருக்கும்? வீடுதான் இருக்கும். கணக்குக் கேள்வி போடுகிறவர் வருஷா வருஷம் தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியையே நிரப்பிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக் குழாய் எவ்வளவு ஒழுகுகிறது என்பது வாரியம் முழுக்கத் தெரியும்.

அந்த வருஷம் கடைசி நாள் மதியம், இன்னும் ஒரே ஒரு பத்தி பாக்கி. மண்டை வறண்டு கிடந்தது. சின்னவள் கண்ணை மூடினாள். வீடு மாறிய நாள் நினைவுக்கு வந்தது. எழுதினாள், மளமளவென்று வந்துவிட்டது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி:

ஏ. அந்தக் குடும்பம் வீடு மாறிய அன்று லிஃப்ட் வேலை செய்யாததால், சாமான்கள் எல்லாவற்றையும் நாலு மாடி ஏற்ற வேண்டியிருந்தது.

பி. கணவரும் அவருடைய நண்பரும் ஃப்ரிட்ஜைக் கயிற்றால் கட்டி ஒவ்வொரு படியாக ஏற்றினார்கள்.

சி. வலது கை விளங்காத மூத்த சகோதரி இரண்டாம் மாடித் திருப்பத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேசிக்கொண்டே இருந்தாள்.

டி. தாயும் மகளும் புத்தகங்களைச் சின்னச் சின்னக் கட்டுகளாகச் சுமந்தார்கள்.

இ. பொழுது சாயும்போது கட்டில் ஒன்றுதான் கீழே மிச்சம் இருந்தது.

விடை: சி. எழுதி உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டு, போனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினாள். எந்த உறுத்தலும் இல்லை. தச்சருக்குப் பலகையைப் பார்த்து மரம் ஞாபகம் வருமா? வராது. அவளுக்கும் வரவில்லை.

*

மூத்த சகோதரி என்றால் வேறு யாருமில்லை, பெரியவள்தான். சின்னவளின் சொந்த அக்கா. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளராக இருந்தாள். எந்த ரயில் எந்த நடைமேடைக்கு எவ்வளவு தாமதமாக வரும் என்று அவள் சொன்னால், தாமதம்கூடக் கேட்க இனிமையாக இருக்கும் என்பார்கள். ஒருநாள் மைக்கின் முன்னாலேயே சரிந்தாள். வலது கையும் வலது காலும் போய்விட்டன. வாய் மட்டும் தப்பித்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பெரியவள் விஷயத்தில் வாய்தான் முதலில் பிழைத்தது. தங்கையின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

பொழுது போக வேண்டுமே. வாரியம் தன் இணையதளத்தில் பழைய வினாத்தாள்களைப் போடும். பெரியவள் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு இடது கை விரலால் ஒவ்வொரு தாளாகப் போட்டுப் பார்ப்பாள். எழுத்தர் வேலை, ஓட்டுநர் வேலை, நூலகர் வேலை, எதையும் விடுவதில்லை. “எல்லா வேலையும் எனக்குக் கெடச்சாச்சு, எதுல சேர்றதுன்னுதான் தெரியல” என்பாள். அதிலும் தங்கை போட்ட கேள்வி என்று மோப்பம் பிடித்துவிட்டால் போதும்.

“ஏண்டி, இந்த ஒட்டகக் கேள்வி நீ போட்டதா?”

“அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாதுக்கா.”

“நான் எங்க வெளிய போறேன்? சொல்லு.”

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. தேர்வு நடந்து முடிந்தது. வினாத்தாளும் சில நாள் கழித்து விடைகளும் இணையத்தில் ஏறின. வாரியத்தில் எல்லாரும் அந்த விடைப் பட்டியலை ‘கீ’ என்பார்கள். சின்னவள் கல்லூரியில் ஓய்வறையில் உட்கார்ந்து போனில் கீயைத் திறந்தாள். தன் கேள்வி எண்ணைத் தேடினாள். ‘இர்ரெலவன்ட்: சி.’ அவ்வளவுதான் இருந்தது. பத்தி இல்லை, மாடிப்படி இல்லை, நாற்காலி இல்லை. அந்த ஒற்றை எழுத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள். யாரை எழுதியிருக்கிறோம் என்பது அப்போதுதான் சின்னவளுக்கு உறைத்தது.

வீட்டுக்கு ஓடினாள். பெரியவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். டேப்லெட் மடியில் இருந்தது. திரையில் அதே தாள்.

“வந்துட்டியா? ஃபேனைக் கொஞ்சம் கூட்டு” என்றாள் பெரியவள். இரவுச் சாப்பாட்டின்போது மற்ற கேள்விகளைப் பற்றியெல்லாம் பேசினாள். கணக்குக்காரர் இந்த வருஷமும் தொட்டியை நிரப்பியிருக்கிறார், ஆனால் ஒழுகல் குறைந்திருக்கிறது, குழாயை மாற்றிவிட்டார் போலிருக்கிறது என்று சிரித்தாள். மாடிப்படிப் பத்தியைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. வாய்க்குப் பூட்டே இல்லாதவள் ஒரு விஷயத்துக்கு மட்டும் பூட்டுப் போட்டால், அது தெரியாமல் போட்ட பூட்டாக இருக்குமா?

படுக்கையறையில் வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “உங்கக்கா பாத்துட்டாங்களா?”

“தெரியல.”

“கேட்டுடேன்.”

“என்னன்னு கேக்கறது? ‘உன்னை ஒட்டாதவன்னு ஊருக்கே எழுதிக் கொடுத்துட்டேன், படிச்சியா’ன்னா?”

அவர் யோசித்தார். “அவங்க பேரைப் போடலையே நீ” என்றார். ஆண்களுக்குச் சில சமயம் இப்படி ஆறுதல் சொல்ல வந்துவிடும். சின்னவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

*

இதற்கிடையில் கேள்வி வேறொரு பக்கம் பற்றிக்கொண்டது. கீ வந்தால் ஆட்சேபணை வரும், அது வழக்கம். இந்த முறை மூட்டை மூட்டையாக வந்தது. தேர்வு எழுதியவர்களில் பாதிப் பேர் சி-யைத் தொடவேயில்லை. அதே குடும்பம், அதே நாள், அதே மாடிப்படி, அப்புறம் எப்படி ஒட்டாது என்று கேட்டார்கள். ஒருவர் படமே போட்டு அனுப்பியிருந்தார்: மாடித் திருப்பத்தில் நாற்காலி போட்டால் ஃப்ரிட்ஜ் திரும்ப இடம் இருக்காது, ஆகவே சி முக்கியமான வாக்கியம்.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். கேள்வி விழுந்தால், போட்டவரின் பேர் வினாத்தாள் குழுவிலிருந்து போய்விடும். அது வாரியத்தின் எழுதாத சட்டம்.

சின்னவள் சும்மா விடுகிற ஜாதியில்லை. கல்லூரி நூலகத்தில் பல பாகங்களாக வந்த பெரிய ஆங்கில அகராதி ஒன்று இருந்தது. தலையணைக்குக்கூட யாரும் எடுக்காத புத்தகம். ‘ரெலவன்ட்’ இருக்கும் பாகத்தை இறக்கி வைத்துத் தூசி தட்டினாள். எத்தனையோ வருஷம் அந்தச் சொல்லை வைத்துப் பிழைத்தவள், அது எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் பார்த்தாள். தெரிந்த முகத்தின் சொந்த ஊரை யார் விசாரிக்கிறார்கள்?

அதன் வேர் லத்தீனில் இருந்தது. தூக்கிவிடு, பாரத்தைக் குறை என்று பொருள். ‘ரிலீஃப்’ என்கிற சொல்லும் அதே வயிற்றில் பிறந்ததுதான். ஸ்காட்லாந்து வக்கீல்கள்தான் அதை முதலில் புழக்கத்தில் விட்டவர்கள். வழக்கைத் தூக்கி நிறுத்த உதவுகிற வாதம் எதுவோ அது ரெலவன்ட். முன்னால் ‘இர்’ ஒட்டி அதை மறுத்தது பிற்பாடு. முதலில் வாதங்களைத்தான் அப்படிச் சொன்னார்கள். இப்போது மனுஷர்களையே சொல்கிறோம்: பழைய தலைவர் இர்ரெலவன்ட், பழைய நடிகர் இர்ரெலவன்ட்.

சின்னவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். ஆதாரம் வசமாகச் சிக்கிவிட்டது. சம்பந்தம் இருந்தால் மட்டும் போதாது, கை கொடுக்க வேண்டும். கை கொடுக்காதது இர்ரெலவன்ட். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் எதைத் தூக்கினாள்? ஒன்றையும் தூக்கவில்லை. கேள்வி பிழைத்தது. அந்தச் சந்தோஷத்தில், எதை நிரூபிக்கப் போகிறோம் என்பதை அவள் யோசிக்கவில்லை. வாதத்தில் ஜெயிக்கப்போகிறவர்களுக்கு அதெல்லாம் தோன்றாது.

*

விசாரணைக் குழுவில் இரண்டு பேர். தலைவருக்கு வாரியத்தில் ‘அழிரப்பர்’ என்று பேர். எந்தத் தாளைக் கொடுத்தாலும் நாலு வார்த்தையை அழிக்காமல் திருப்பித் தர மாட்டார். இன்னொருவர் புள்ளிவிவரக்காரர். எந்தக் கேள்விக்கு எத்தனை பேர் எந்த வட்டத்தைக் கறுப்பாக்கினார்கள் என்று பார்ப்பது அவர் வேலை. நாள் முழுக்க எண்களோடு இருப்பதால், பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார்.

சின்னவள் அகராதிப் பக்கத்தின் நகலை மேஜைமேல் வைத்தாள். தூக்குவது, பாரம் குறைப்பது, வக்கீல்கள், எல்லாவற்றையும் சொன்னாள். “மத்த நாலும் சுமையைப் பத்திப் பேசுது சார். சுமை ஏறுது, பாதி ஏறுது, ஒண்ணு மிச்சம் இருக்கு. சி-ல மட்டும் ஒருத்தி சும்மா உக்காந்திருக்கா. அவளால ஒரு சாமானும் மேல போகல.”

அழிரப்பருக்கு முகம் மலர்ந்தது. “அப்படிப் போடுங்க! இதை அப்படியே பதிலா அனுப்பிடலாம். ‘சும்மா’வை மட்டும் எடுத்துடலாம்.” பேனாவைத் திறந்தார். கேள்வி கிட்டத்தட்டப் பிழைத்துவிட்டது.

புள்ளிவிவரக்காரர் அதுவரை பத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கு ஒரு சந்தேகம்மா. இது கேள்விக்காக இல்ல, சும்மா தெரிஞ்சுக்கத்தான். பேசிக்கிட்டே இருந்தாங்கன்னு போட்டிருக்கீங்களே, அப்படி என்னதான் பேசினாங்க?”

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அதை ஏன் கேக்கறீங்க. எங்க அக்கா ரயில்வேல அறிவிப்பாளர். ஒவ்வொரு சாமான் வரும்போதும் அறிவிப்பு. ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு. கீழ்த்தளத்திலிருந்து நான்காம் மாடி வரை செல்லும் குளிர்சாதனப் பெட்டி இன்னும் சற்று நேரத்தில் இரண்டாவது நடைமேடைக்கு வந்து சேரும். ஓட்டுநருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதால் ஏற்பட்ட தாமதத்திற்கு வருந்துகிறோம்.’”

புள்ளிவிவரக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அழிரப்பரும் மீசைக்குள் சிரித்தார்.

“எங்க வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜைப் பாதி வழியில வெச்சுட்டு, ‘இனிமே என்னால முடியாது, இது இங்கயே இருக்கட்டும், தண்ணி வேணும்னா ரெண்டாம் மாடிக்கு வந்து குடிச்சுக்கலாம்’னு உக்காந்துட்டார். அந்த அறிவிப்பைக் கேட்டு அவரும் சிரிச்சு, கூட இருந்தவரும் சிரிச்சு, அப்புறம் எப்படியோ எழுந்து தூக்கிட்டாங்க. எனக்கும் என் பொண்ணுக்கும் அப்படித்தான். புத்தகக் கட்டோட படி ஏறும்போது, அடுத்து என்ன சொல்லப்போறான்னு கேக்கறதுக்காகவே ஏறினேன். இந்தச் சத்தத்தைக் கேட்டு ரெண்டாம் மாடி வீட்டுக்காரங்க கதவைத் திறந்தாங்க. மூணாம் மாடிக்காரங்களும் இறங்கி வந்தாங்க. முன்னப் பின்ன எங்களைத் தெரியாது. கடைசிக் கட்டிலை அவங்கதான் தூக்கி…”

சின்னவள் நிறுத்தினாள்.

மேஜைமேல் அகராதிப் பக்கம் கிடந்தது. அவள் தானே மஞ்சள் அடித்த இடம் அவளையே பார்த்தது. தூக்கிவிடு. பாரத்தைக் குறை.

“சார், இந்தக் கேள்வியை எடுத்துடுங்க.”

“ஏம்மா? நல்லாத்தானே போயிட்டிருந்தது?” என்றார் அழிரப்பர்.

“கீ தப்பு சார்.”

“இப்ப நீங்க சொன்ன கதை எதுவும் பத்தியில இல்லையே. பத்தியில பேசிக்கிட்டே இருந்தாங்கன்னுதான் இருக்கு.”

“அதைத்தான் சொல்றேன். என்ன பேசினாங்கறதை விட்டது நான். அது தெரியாம, ஒட்டுதா ஒட்டலையான்னு ஒருத்தரும் சொல்ல முடியாது.”

“அப்ப எதுதான் இர்ரெலவன்ட்?”

சின்னவள் ஏயிலிருந்து இ வரை ஒருமுறை படித்தாள். “எதுவும் இல்ல சார்.”

அழிரப்பர் பேனாவை மூடினார். அவர் நல்ல மனுஷர்தான். “உங்க கேள்வி இதுவரைக்கும் ஒண்ணுகூட விழுந்ததில்ல. இது விழுந்தா அடுத்த வருஷம் உங்களைக் கூப்பிட முடியாது, தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

அவர் பத்தி முழுவதையும் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக மனசில்லாமல் அடித்தார். கேள்வி நீக்கம், மொத்த மதிப்பெண்ணில் ஒன்று குறையும்.

*

பஸ்ஸில் வரும்போது சின்னவளுக்கு மனசு லேசாக இருந்தது. குழு போனால் போகட்டும். விடுதியில் அடைந்து கிடக்க வேண்டாம். அக்காவிடம் இனி தைரியமாகச் சொல்லலாம். ‘நான் தப்பா எழுதிட்டேன், இன்னைக்கு நானே போய் எடுத்துட்டு வந்துட்டேன்’ என்று சொன்னால், அவள் நாலு வார்த்தை திட்டுவாள், பூட்டு திறந்துவிடும். திட்டு வாங்க அவ்வளவு ஆசையாகப் போகிற ஆளை அந்த பஸ் அதுவரை ஏற்றியிருக்காது.

பெரியவள் அதே ஜன்னலோரத்தில் இருந்தாள்.

சின்னவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “அக்கா, ஒரு கேள்வியை எடுத்துட்டாங்க.”

“எது?”

“மாடிப்படிக் கேள்வி.”

“அடிப்பாவி!” என்றாள் பெரியவள். டேப்லெட்டைத் தூக்கிப் பார்த்தாள். “அதை எதுக்கு எடுத்தாங்க? எனக்கு ஒரு மார்க் போச்சே.”

சின்னவளுக்குப் புரியவில்லை. “என்ன மார்க்?”

“நான் சரியா போட்டிருந்தேனே. இங்க பாரு. கீ வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே போட்டாச்சு. சி.”

சின்னவள் அவள் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள். திரையில் சி வட்டம் கறுப்பாக இருந்தது. விளிம்பு பிசகாமல், இடது கையால் பொறுமையாக நிரப்பிய வட்டம்.

“மத்ததுக்கெல்லாம் மண்டையை ஒடச்சுக்கிட்டேன்” என்றாள் பெரியவள். “அந்தத் தொட்டிக் கணக்கு இருக்கே, ஒரு மத்தியானம் முழுக்க வாங்கிடுச்சு. இது ஒண்ணுதான் படிச்ச உடனே தெரிஞ்சுது. யோசிக்கவே இல்ல.”

“அது நீதான்னு…”

“பின்ன வேற யாரு? கை விளங்காம நாற்காலியில உக்காந்து பேசறதுக்கு ஊர்ல ஆளா தேடணும்?”

சின்னவள் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். அக்கா செய்த அறிவிப்புகளை, ஃப்ரிட்ஜை வைத்துவிட்டு உட்கார்ந்தவரை, கதவைத் திறந்துகொண்டு வந்தவர்களை, கட்டிலை, எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். வாரியத்தில் சொல்லும்போது சிரிப்பாக வந்தது. இங்கே அப்படி வரவில்லை. “அன்னைக்கு நீ இல்லேன்னா பாதி சாமான் ரோட்டுலதான் கிடந்திருக்கும்க்கா.”

“அதெல்லாம் பத்தியில இல்லையேடி. பத்தியில இருக்கறதை வெச்சுத்தானே போட முடியும்?”

“சி தப்புக்கா.”

“கீயில சி-ன்னுதானே இருந்துது?”

“கீயும் தப்பு.”

“கீ போட்டது நீதானே?”

“நான்தான்” என்றாள் சின்னவள். அழுதுவிட்டாள். வெட்கமில்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அக்காவின் விளங்காத கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பெரியவள் இடது கையால் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். “சீ, இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா? பாதிப் பேரு தப்பாப் போட்டானாம். நாம பாரு, அக்காவும் தங்கச்சியும் ஒரே விடை போட்டிருக்கோம்.”

ஆறுதலாகத்தான் சொன்னாள்.